முதல் ஊசிக்குப் பிறகு வந்த குளிர்ஜுரம்

கேள்வி: எனக்கு வயது 27. அம்பத்தூர் பக்கம் இருக்கிறோம். இப்போது 22 வாரக் கர்ப்பம். 20-வது வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் 1:8, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ்' என்று வந்தது. எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் என்றும், வாரம் ஒன்றாக மூன்று வாரம் பென்சிலின் ஊசி போட வேண்டும் என்றும் சொன்னார்கள். டெஸ்ட் டோஸ் பார்த்துவிட்டு முதல் ஊசி போட்டார்கள். அன்று இரவே குளிர்ஜுரம், தலைவலி, உடம்பெல்லாம் வலி, வயிறு வேறு இறுகி இறுகி விட்டது. மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ரத்தத்தில் கிருமி என்று மட்டும்தான் மாமியாருக்குத் தெரியும். அவர் பயந்துபோய், "வயித்துப் புள்ளைக்கு ஆகாது, அந்த ஊசியே வேணாம்" என்று சொல்லிவிட்டார். தெரிந்த ஒருவர் இது பென்சிலின் அலர்ஜி என்று சொல்லி அசித்ரோமைசின் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஊசி போட்டு இன்றோடு 12 நாள். கணவருக்கு வி.டி.ஆர்.எல். நெகட்டிவ். "எனக்கு இல்ல, அப்ப உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்கிறார். ஊசி போட்டுக்கொள்ளவும் மறுக்கிறார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், பிரசவமும் அங்கேதான். கருவைக் கலைக்கத்தான் வேண்டுமா? குழந்தைக்கு என்ன ஆகும்? தாய்ப்பால் கொடுக்கலாமா? மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதற்கும் இதுதான் காரணமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரி,

கலைக்க வேண்டாம். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சிபிலிஸ் உடலுறவு வழியாகத் தொற்றுகிற ஒரு கிருமி நோய், ஆனால் முழுதாகக் குணமாகும். அதிலும், தாய்க்குப் போடுகிற அதே ஊசி நஞ்சுக்கொடி வழியாகப் போய் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் சிகிச்சை செய்துவிடும். இப்படித் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகக் காப்பாற்றுகிற மருந்து மருத்துவத்தில் அதிகம் கிடையாது. 22 வாரம் என்பது தாமதமும் இல்லை. நீங்கள் இழந்தது அந்த 12 நாளைத்தான். இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது அது 14 நாளைத் தாண்டியிருக்கும். அதனால் இதைப் படித்த மறுநாள் காலையே மருத்துவமனையில் இருங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்திய அந்த ஜுரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஏனென்றால் சிகிச்சை அறுந்துபோன இடம் அதுதான். ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர், ஜுரம், தலைவலி, மூட்டுவலி, தசைவலி வந்து 24 மணி நேரத்துக்குள் தானே அடங்குவதற்கு ஜரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். பென்சிலின் பட்டதும் உடம்பிலிருக்கும் கிருமிகள் ஒரே சமயத்தில் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. அவை உடைந்து சிதறும்போது வெளிவருகிற பொருட்களுக்கு உடம்பு காட்டுகிற கொதிப்புதான் அந்த ஜுரம். மருந்து வேலை செய்ததன் அறிகுறி அது, மருந்து ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி அல்ல. கர்ப்பிணிகளுக்கு அந்தச் சமயத்தில் கர்ப்பப்பை இறுகுவதும், குழந்தையின் அசைவு கொஞ்சம் குறைவதும் உண்டு. உங்கள் வயிறு இறுகியது அதனால்தான்.

உண்மையான பென்சிலின் அலர்ஜி வேறு மாதிரி வரும். ஊசி போட்ட சில நிமிடத்தில், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிக்கும். உதடும் கண் இமையும் வீங்கும். மூச்சு இரைக்கும், தொண்டை அடைக்கும், ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. டெஸ்ட் டோஸிலும் ஒன்றும் வரவில்லை. ஊசி போட்டபோதும் வரவில்லை. இரவுதான் ஜுரம் வந்திருக்கிறது. உங்கள் தாய் சேய் அட்டையில் யாராவது 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால், நடந்ததை மணிக்கணக்கோடு மருத்துவரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டால் அதை அடித்துத் திருத்தி கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரிதான். ஆனால் அது அட்டையில் நின்றுவிட்டால், பிரசவ அறை வரைக்கும் உங்களுக்கு வேண்டிய மருந்தை உங்களிடம் வரவிடாமல் தடுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, நிஜமாகவே அலர்ஜி இருக்கிற கர்ப்பிணிக்கு என்ன செய்வார்கள்? அவருக்கும் பென்சிலின்தான். மருத்துவமனையில் சேர்த்து, வாய்வழியே மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போய், ஏறக்குறைய 4 மணி நேரத்தில் உடம்பைப் பழக்கி, பிறகு அதே ஊசியைப் போடுவார்கள். அந்தப் பாடு எதற்கு, வேறு மாத்திரை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கர்ப்பத்தில் சிபிலிஸுக்கு வேறு மாத்திரை கிடையாது என்பதுதான் விஷயம். டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிக்கு ஆகாது. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போதுமான அளவு போவதில்லை. போதாததற்கு, அசித்ரோமைசினுக்கு அடங்காத சிபிலிஸ் கிருமிகள் உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கின்றன. நீங்கள் விழுங்கிய அந்த மாத்திரைகளால் தீங்கு ஒன்றும் வந்திருக்காது. ஆனால் குழந்தைக்கு அது சிகிச்சை ஆகாது. தாய்க்கு பென்சிலின் அல்லாத மருந்து மட்டும் கொடுத்திருந்தால், பிறந்த குழந்தையைச் 'சிகிச்சை பெறாத தாயின் குழந்தை' என்றே குழந்தைகள் மருத்துவர் கணக்கில் எடுப்பார்.

இப்போது ஊசிக் கணக்கு. எப்போது தொற்றியது என்று தெரியாத நிலையில், பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மொத்தம் 72 லட்சம் யூனிட். தொற்றி அதிக நாள் ஆகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரே தடவை போதும். உங்கள் விஷயத்தில் அந்த உறுதி இல்லை. எனவே மூன்று என்று சொன்ன மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு ஊசிக்கு நடுவே எத்தனை நாள் போகலாம் என்பதில் வழிகாட்டு நெறிகளுக்குள் வித்தியாசம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 14 நாளுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கர்ப்பிணிக்கு 9 நாள்தான் எல்லை என்கிறது. தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கர்ப்பிணிக்கு நான் 9 நாள் கணக்கைத்தான் பிடித்துக்கொள்வேன். கூடுதலாக ஒரு ஊசி போட்டால் இரண்டு நாள் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான். குறைவாகப் போட்டால் அதன் விலையைக் குழந்தை கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இரண்டு கணக்கின்படியும் நாள் கடந்துவிட்டது. போட்ட ஊசி கணக்கில் சேராது, மறுபடி ஒன்றிலிருந்து மூன்று.

ஏன் இந்தக் கெடுபிடி? சிபிலிஸ் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெருகும் நேரத்தில்தான் பென்சிலின் அதைக் கொல்ல முடியும். எனவே ரத்தத்தில் மருந்து ஒருநாள் எகிறி மறுநாள் இறங்குவதில் பயனில்லை, குறைந்த அளவானாலும் இடைவிடாமல் நாள்கணக்கில் இருக்க வேண்டும். பென்சாதின் உப்பு தசைக்குள் கட்டியாக உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்காகவே செய்யப்பட்டது. அது தீர்ந்துபோவதற்குள் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை போட்டால் அடுத்த செவ்வாய், அதற்கடுத்த செவ்வாய். முதல் ஊசி போடும்போதே காலண்டரில் மற்ற இரண்டு தேதிகளையும் வட்டம் போட்டு, அன்று அரசு விடுமுறை வருகிறதா, அந்தப் பிரிவு அன்றைக்கு இயங்குமா என்று கேட்டுவிடுங்கள். விடுமுறை என்றால் எட்டாம் நாள் போடலாம். ஒன்பதைத் தாண்ட விடாதீர்கள். சில சமயம் இந்த ஊசிக்கே தட்டுப்பாடு வரும். உலகம் முழுக்க வந்த தட்டுப்பாடு அது. "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். சீட்டில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றே அடுத்த இடத்துக்குப் போங்கள். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை என்று நகரத்தில் பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனைகள் இருக்கின்றன. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அங்கே பால்வினை நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு. எங்கே போவது என்று குழம்பினால் அரசின் சுகாதார உதவி எண் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

ஊசி போடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், பயம் குறையும். குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். அதில் கிருமி நீக்கிய தண்ணீரை விட்டுக் குலுக்கினால் நீர்த்த சுண்ணாம்புப் பால் மாதிரி ஆகும். அது தெளியாது, நிறுத்தி வைத்தால் அடியில் தங்கும். எனவே கலக்கியதும் உடனே உறிஞ்சி உடனே போட வேண்டும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் தடித்த ஊசியைத்தான் எடுப்பார்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம். 24 லட்சத்தை ஒரே இடத்தில் போடாமல், 12 லட்சம் 12 லட்சமாகப் பிரித்து இரண்டு பக்க இடுப்புத் தசையிலும் ஆழமாகப் போடுவார்கள். ரத்தக் குழாய் வழியாக இதைப் போடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். இரண்டு நாள் வலிக்கும், கட்டியாகவும் தெரியும். வெதுவெதுப்பான துணி ஒற்றடம் போதும்.

காலையில் போட்டுக்கொள்வது நல்லது. ஜுரம் வருவதானால் அன்று பகலிலேயே வந்துவிடும், இரவில் ஆட்டோ தேட வேண்டியிருக்காது. முதல் ஊசிக்கு வந்த மாதிரி மறுபடி வருவது அபூர்வம், வந்தாலும் லேசாகவே இருக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஜுரம் வந்தால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடுங்கள். வயிறு விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை வழக்கம்போல் அசையவில்லை என்று தோன்றினாலோ, காத்திருக்காமல் பிரசவ வார்டுக்குப் போங்கள். இதைக் கணவருக்கும் மாமியாருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "ஊசி போட்டா ஒரு ராத்திரி ஜுரம் வரலாம், வந்தா நல்லதுதான், டாக்டரே சொன்னாரு" என்ற அளவு போதும். நோயின் பெயரை மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உங்கள் சம்மதம் இல்லாமல் அதை அவரிடம் சொல்ல மருத்துவருக்கோ செவிலியருக்கோ உரிமை கிடையாது. தட்டு, டம்ளர், கழிப்பறை வழியாக இது பரவாது. எனவே அவர் தெரிந்துகொண்டே தீர வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

கணவர் விஷயம் அப்படி இல்லை. அவர் ஊசி போட்டே ஆக வேண்டும். நீங்கள் மூன்று ஊசியும் முடித்த பிறகு அவரிடமிருந்து மறுபடி தொற்றினால், அது குழந்தைக்கும் போகும். ஒருமுறை வந்து குணமானதால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது.

அவருடைய நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். வி.டி.ஆர்.எல். என்பது கிருமியைத் தேடுகிற பரிசோதனை அல்ல. கிருமியால் உடம்பில் ஏற்பட்ட சேதத்துக்கு எதிராக உண்டாகும் ஒருவகை எதிர்ப்பொருளைத் தேடுவது. தொற்றிய முதல் சில வாரங்களில் அது நெகட்டிவாக இருக்கும். பல வருடம் பழகிப்போன தொற்றில், சிகிச்சையே எடுக்காமலும் அது நெகட்டிவாக மாறிவிடலாம். வேறு ஏதோ ஒரு காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ போட்ட மருந்தில் அவர் அறியாமலேயே குணமாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே அவருக்கு டி.பி.எச்.ஏ. எடுக்கச் சொல்லுங்கள், அது சிபிலிஸ் கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகிற பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால் அவருக்கும் பழைய தொற்று இருந்திருக்கிறது, முந்தைய சிகிச்சைக்குச் சீட்டு இல்லாவிட்டால் அவருக்கும் மூன்று வார ஊசிதான். அதுவும் நெகட்டிவ் என்றாலும், கடந்த 90 நாளுக்குள் உங்களோடு உறவு இருந்திருந்தால் 24 லட்சம் யூனிட் ஒருதடவை போட்டுவிடுவதே முறை.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கேள்விக்கு எந்த ரத்தப் பரிசோதனையாலும் பதில் சொல்ல முடியாது. இதை உங்கள் கணவர் இந்தப் பக்கத்திலேயே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ரிப்போர்ட்டை வைத்து மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மருத்துவத்தில் இடமே இல்லை. அவர் வரத் தயங்கினால், இருவரையும் உட்காரவைத்துப் பேச அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மைய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம், இதற்கும் வழிகாட்டுவார்கள். இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம். அதன்பிறகும் பிரசவம் வரை ஆணுறையோடு இருப்பதே பாதுகாப்பு.

அந்த 1:8 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கியிருக்கிறீர்கள். அது இப்படித்தான் வருகிறது: உங்கள் ரத்த நீரில் சம அளவு உப்பு நீர் சேர்த்துப் பாதியாக்குவார்கள், அது 1:2. அதை மறுபடி பாதியாக்கினால் 1:4. அடுத்தது 1:8. ஒவ்வொன்றிலும் சோதனை மருந்தைச் சேர்த்து, துகள்கள் திரிகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கடைசியாகத் திரிந்தது எதுவோ அதுதான் உங்கள் எண். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் பரிசோதனையின் இயல்பான தள்ளாட்டம். 1:8 என்பது அடுத்த தடவை 1:16 என்று வந்தால் அதை மட்டும் வைத்து அலற வேண்டாம். இரண்டு படி, அதாவது 1:32 ஆனால்தான் மறுதொற்றா என்று பார்க்க வேண்டும். இறங்குவதும் அப்படியே. மூன்று ஊசி முடித்தும் பிரசவத்துக்குள் எண் இறங்காமல் இருக்கலாம். அது மெதுவாகத்தான் இறங்கும், அதைச் சிகிச்சை தோற்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி முடித்து 8 வாரம் கழித்து ஒருமுறை, பிரசவத்தின்போது ஒருமுறை எடுத்தால் போதும். ஒரே பரிசோதனையாக, முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். ஒரு தடவை வி.டி.ஆர்.எல்., அடுத்த தடவை அதே வகையைச் சேர்ந்த ஆர்.பி.ஆர். என்று எடுத்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. டி.பி.எச்.ஏ. மட்டும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். அதை மறுபடி எடுத்துப் பார்த்துக் கலங்குவதில் பொருளில்லை.

இதைப் படிக்கிற மற்ற கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: வி.டி.ஆர்.எல். மட்டும் பாசிட்டிவ், டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்றால் அது போலி பாசிட்டிவாக இருக்கலாம். கர்ப்பமே அதற்கு ஒரு காரணம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களும் காரணம். மாறாக, கிருமி மிக அதிகமாக இருக்கும்போது எதிர்ப்பொருள் அளவுக்கு மீறிப் பெருகி, நீர்க்காத ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். பொய்யாக நெகட்டிவ் காட்டுவதும் உண்டு. உடம்பில் தடிப்போ புண்ணோ இருந்தால் நீர்த்துப் பார்க்கும்படி மருத்துவர் ஆய்வகத்துக்கு எழுத வேண்டும். பதிவு செய்யும் முதல் வருகையிலேயே, 12 வாரத்துக்குள், இந்த ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். மூன்றாவது மாதத்தில் கண்டுபிடித்தால் ஊசியோடு தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல், எட்டாவது மாதத்தில் குழந்தையின் கல்லீரலில் போய் நிற்கிறது.

உங்களுக்கு இந்த வாரமே ஒரு ஸ்கேன் வேண்டும். ஆனால் ஸ்கேனுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். வழக்கமான ஸ்கேனாக எடுக்காமல், 'தாய்க்கு சிபிலிஸ்' என்று சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் பார்ப்பவர் குழந்தையின் கல்லீரல் பெருத்திருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, நஞ்சுக்கொடி தடித்திருக்கிறதா, ரத்தசோகைக்கான அறிகுறி மூளை ரத்தக் குழாய் ஓட்டத்தில் தெரிகிறதா என்று தேடிப் பார்ப்பார். அவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த ஊசியை உள்நோயாளியாக வைத்துக் கண்காணித்துப் போடுவார்கள். இல்லையென்றால் மனசுக்கு ஒரு தெம்பு.

24-வது வாரத்தில் தொடங்கினால் 26-ல் முடிந்துவிடும். வளைகாப்புக்கு முன்னால் மூன்றும் முடித்துவிடுங்கள். தேதி குறிக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். தாய் வீட்டுக்குப் போகிற அந்த ஏழாம் மாதத்தில்தான் சிகிச்சை இரண்டாக உடைகிறது. ஒரு ஊசி இங்கே, அடுத்தது எங்கே என்று தெரியாமல் போகிறது, அங்கிருக்கும் மருத்துவருக்கு முழுக் கதையும் தெரியாமல் போகிறது. ஒரு தாளில் மருத்துவர் கையெழுத்தோடு இவ்வளவும் இருக்கட்டும்: பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் என்ற மருந்தின் முழுப் பெயரும் அளவும், மூன்று தேதிகள், அப்போது கர்ப்ப வாரம், வி.டி.ஆர்.எல். எண்கள் தேதியோடு, கணவருக்கு ஊசி போட்ட தேதி. 'சிகிச்சை அளிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. இதன் நகல் ஒன்று தாய் சேய் அட்டைக்குள், ஒன்று உங்கள் கைபேசியில், ஒன்று அம்மாவிடம்.

அந்தத் தாள்தான் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு ஊசி என்று தீர்மானிக்கும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே நீங்கள் முழுச் சிகிச்சையும் முடித்திருந்து, மறுதொற்று இல்லாமல், குழந்தையும் பார்வைக்கு நன்றாக இருந்து, குழந்தையின் எண் உங்கள் எண்ணைவிட நான்கு மடங்கு உயராமல் இருந்தால், குழந்தைக்கு எடைக்குத் தக்க ஒரே ஒரு பென்சாதின் ஊசி. கிலோவுக்கு 50,000 யூனிட் என்பதால் 3 கிலோ குழந்தைக்கு ஒன்றரை லட்சம் யூனிட். வீட்டுக்குப் போய்விடலாம். தாள் இல்லையென்றால், சிகிச்சை பாதியில் நின்றிருந்தால், குழந்தையை வார்டில் வைத்து ரத்த அணுக்கள், பிளேட்லெட், கைகால் எலும்பு எக்ஸ்ரே, முதுகுத் தண்டு நீர் எல்லாம் பார்த்து, ரத்தக் குழாய் வழியாக பென்சிலின். கிலோவுக்கு 50,000 யூனிட் வீதம் முதல் 7 நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மொத்தம் 10 நாள். ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் அதுவும் முதலிலிருந்து. நீங்கள் மூன்று வாரம் பொறுத்துக்கொண்டால், இந்தப் பத்து நாள் பாட்டிலிருந்து பச்சைக்குழந்தை தப்பிக்கும்.

குழந்தையின் வி.டி.ஆர்.எல்.-ஐத் தொப்புள்கொடி ரத்தத்தில் எடுக்காமல் குழந்தையின் ரத்தத்திலேயே எடுக்க வேண்டும். கொடியில் தாயின் ரத்தம் கலந்து தவறாகக் காட்டும். உங்கள் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போயிருக்கும் என்பதால் பாசிட்டிவ் என்று வருவது இயல்பு, அதனால் குழந்தைக்கு நோய் என்று ஆகாது. பார்க்க வேண்டியது உங்கள் எண்ணோடு ஒப்பீடு. உங்களுக்கு 1:4, குழந்தைக்கும் 1:4 அல்லது 1:2 என்றால் சரி. குழந்தைக்கு 1:16 என்றால் முழுப் பரிசோதனை. இதற்காக ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் இருவர் ரத்தமும் போக வேண்டும்.

பிறவி சிபிலிஸ் உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாமல்தான் பிறக்கின்றன. அறிகுறிகள் முதல் சில வாரங்களில், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வரும். நம் வீடுகளில் அவற்றுக்கு வேறு பெயர் வைத்து விடுகிறோம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத் தடிப்பு வந்து தோல் உரிந்தால், கரப்பான், செவ்வாப்பு என்று எண்ணெய் தடவுகிறார்கள். கிரந்தி என்றும் சொல்வார்கள். அந்தச் சொல் பழைய தமிழ் வைத்தியத்தில் இந்த நோயையும் குறித்தது, எண்ணெய் மட்டும் இதற்கு மருந்தல்ல. மூக்கு அடைத்துக்கொண்டு நீர் வடிந்து, பிறகு அதில் ரத்தம் கலந்து வந்தால் சளி என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நீரிலும் தடிப்பிலும் கிருமி இருக்கும், வெறுங்கையால் துடைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது இது: குழந்தை ஒரு கையை அசைக்காமல் தொங்கவிடும், தூக்கினால் வீறிட்டு அழும். "உரம் விழுந்துடுச்சு" என்று உரம் எடுப்பவரிடம் தூக்கிப்போய், புடவையில் போட்டு உருட்டுவார்கள். கை விழவில்லை. எலும்பின் முனை அழற்சியால் வெந்துபோய், வலிக்குப் பயந்து குழந்தை கையை அசைக்காமல் வைத்திருக்கிறது. அந்த எலும்பை உருட்டினால் முறியக்கூடும். உங்கள் குழந்தைக்கு இப்படி எது வந்தாலும் நேராகக் குழந்தைகள் மருத்துவரிடம் போய், உங்கள் தாளைக் காட்டுங்கள். சென்னையில் இருந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். பாலில் இது போகாது. மார்பில் புண் இருந்தால் மட்டும், அது ஆறும்வரை அந்தப் பக்கம் வேண்டாம். சுகப்பிரசவத்துக்கும் தடையில்லை.

குழந்தையை 2 மாதத்துக்கு ஒருமுறையாவது காட்டி வி.டி.ஆர்.எல். எடுங்கள். உங்களிடமிருந்து போன எதிர்ப்பொருள்தான் என்றால் 3 மாதத்தில் எண் இறங்கி, 6 மாதத்தில் நெகட்டிவ் ஆகிவிடும். ஏறினாலோ, 6 மாதத்தில் அப்படியே நின்றாலோ மறுபடி முழுப் பரிசோதனை. டி.பி.எச்.ஏ. 18 மாதம் வரை உங்களுடையதாகவே இருக்கலாம் என்பதால் அதற்கு முன் எடுத்துப் பயனில்லை.

கடைசியாக, முதல் குழந்தை. இதுதான் காரணமா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிகிச்சை பெறாத சிபிலிஸ் பிந்தைய மாதங்களில் குழந்தையை வயிற்றிலேயே இழக்கச் செய்யும் என்பது உண்மை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நஞ்சுக்கொடிக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. அப்போது உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றுக்கு நீங்கள் பொறுப்பாளி ஆக முடியாது. ஆனால் அந்தக் கர்ப்பத்தின் பழைய அட்டையில் வி.டி.ஆர்.எல். எடுத்திருந்தால் அது இப்போது பயன்படும். அன்று நெகட்டிவ் என்றால் தொற்று அதற்குப் பிறகு வந்திருக்கலாம் என்று தெரியும், பாசிட்டிவ் என்றால் குறைந்தது எவ்வளவு பழையது என்று தெரியும். அந்த அட்டை விழுப்புரத்தில் அம்மாவின் பெட்டியில் இருந்தால், இன்றைக்கே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாளைக் காலை ஊசிக்குப் போகும்போது அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.